நம்மட நாட்டுட்ட இருக்கிறது எத்தனையாம் தலைமுறை?

கொஞ்சம் நீளமான பதிவு. அஸருக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாட்களும் என் தரம் 10 வகுப்பில் பாடம் நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. பின்வாங்கில் ஒரு பக்கம் ரஃபால், மறுபக்கம் ஜே-10சி. எத்தனை விழுந்தது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கணக்கு. எல்லாம் கைபேசி வீடியோவில் பார்த்த அறிவு. நான் வரலாறு படிப்பிக்கிறவன், விமானம் படித்தவனில்லை. ஆனாலும் பொடியன்மார் வாய்க்கு வாய் "ஐந்தாம் தலைமுறை", "நாலரைத் தலைமுறை" என்று சொல்லும்போது, அந்த எண்ணை யார் போட்டது என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒருவன் எழும்பினான்.

"சேர், நம்மட நாட்டுட்ட இரிக்கிறது எத்தினையாந் தலைமுறை?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடத் தேட, அது ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதிலாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், இந்தத் தலைமுறை எண்ணை வழங்குகிற சபையோ சர்வதேச நிறுவனமோ எதுவும் இல்லை. 1990இல் ரிச்சர்ட் ஹாலியன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்நாட்டு விமானப்படையின் சஞ்சிகை ஒன்றில், அதுவரை வந்த ஜெட் போர் விமானங்களை ஆறு தலைமுறைகளாகப் பிரித்து எழுதினார். அவர் கணக்கில் எஃப்-16 ஆறாம் தலைமுறை. அதே எஃப்-16ஐ இன்று எல்லோரும் நான்காம் தலைமுறை என்கிறோம். சீனர்கள் தங்கள் ஜே-20ஐ நெடுங்காலம் நான்காம் தலைமுறை என்றே எண்ணி வந்தார்கள். உலகம் அதை ஐந்தாம் என்றது. விமானம் ஒன்றுதான், எண்ணுகிற ஆள்தான் வேறு. "ஐந்தாம் தலைமுறை" என்ற சொல் இந்த அளவுக்குப் பரவியதில், எஃப்-22ஐயும் எஃப்-35ஐயும் தயாரித்த லொக்ஹீட் மார்ட்டின் கம்பனியின் விளம்பரத்துக்குப் பெரிய பங்குண்டு. நம் ஊரில் "புது மொடல்" என்று சொல்லி மோட்டார் சைக்கிள் விற்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அதற்காக எண்ணில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு இப்படி வரும். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் பறந்த ஜெட்களும் கொரிய யுத்தத்தில் பறந்த மிக்-15 போன்றவையும் முதலாம் தலைமுறை. ஒலியைவிட வேகம் குறைவு, ஆயுதம் துப்பாக்கி, விமானியின் கண்தான் ராடார். மிக்-21, மிராஜ் 3 போன்றவை இரண்டாம் தலைமுறை: ஒலியை மிஞ்சிய வேகம், சிறிய ராடார், வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை. மூன்றாவதில் ஒரே விமானம் வானத்திலும் சண்டை பிடித்தது, தரையிலும் குண்டு போட்டது. நான்காவதில் கணினி நுழைந்தது. விமானி கைப்பிடியை அசைத்தால் அது கம்பி வழியே கணினிக்குப் போய், கணினிதான் இறக்கையை அசைக்கும். எஃப்-16, மிக்-29 எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். அதே நான்காம் தலைமுறைக்கு நவீன ராடாரும் தொலைதூர ஏவுகணையும் பூட்டினால் "4+" என்பார்கள். ரஃபாலும் ஜே-10சியும் அங்கேதான் நிற்கின்றன. ஆக என் மாணவர்கள் சண்டை பிடித்த இரண்டு விமானமுமே ஐந்தாம் தலைமுறை இல்லை.

ஐந்தாவதில் வந்ததுதான் ஸ்டெல்த், அதாவது ராடாருக்கு இலகுவில் அகப்படாத உடம்பு. இதை விளங்க வாவிக்கரைக்கு வாருங்கள். நிலா இல்லாத இரவில் இறால் பிடிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும்: டோர்ச் அடிக்கும்போது தண்ணீரில் ஒரு கண்ணாடித் துண்டு நமக்கு நேராக இருந்தால் கண்ணைப் பறிக்கும். அதே துண்டு சாய்ந்து கிடந்தால் வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், நமக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டெல்த் விமானத்தின் விளிம்புகளும் முகங்களும் அப்படிச் சாய்த்து அமைக்கப்பட்டவை. அதற்கு மேல் ராடார் அலையை உறிஞ்சும் பூச்சு. குண்டும் ஏவுகணையும் இறக்கைக்குக் கீழே தொங்காமல் வயிற்றுக்குள்.

கணித ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், ஒரு சின்னக் கணக்கு. ராடார் அலை போகும்போதும் தேய்கிறது, பட்டுத் திரும்பி வரும்போதும் தேய்கிறது. அதனால் திரும்பிவரும் பலம் தூரத்தின் நான்காம் அடுக்குப்படி குறைகிறது. 160 கிலோமீற்றரில் தெரிகிற ஒரு விமானத்தை 80 கிலோமீற்றருக்கு வரும்வரை மறைக்க வேண்டுமானால், அதன் ராடார் பிம்பத்தைப் பாதியாக்கினால் போதாது, பதினாறில் ஒன்றாக்க வேண்டும். 16 கிலோமீற்றர் வரை மறைக்க வேண்டுமென்றால் பத்தாயிரத்தில் ஒன்று. கோடிக்கணக்கான டொலர் எங்கே போகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இதன் அடிப்படைக் கணிதம் சோவியத்திலிருந்து வந்தது என்பது வேடிக்கையான வரலாறு. 1962இல் பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற பௌதிகவியலாளர், அலைகள் ஒரு பொருளின் விளிம்பில் பட்டு எப்படிச் சிதறும் என்று ஒரு நூல் எழுதினார். அதில் இராணுவ இரகசியம் எதுவும் இருப்பதாக சோவியத் அரசுக்குத் தோன்றவில்லை, வெளியிட விட்டது. 1970களில் லொக்ஹீட்டில் வேலை செய்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதன் மொழிபெயர்ப்பைப் படித்து, கணினியில் போட்டு, ஒரு விமானத்தின் உருவத்தையே கணக்குப் போட்டு வரைந்தார். 1981இல் எஃப்-117 பறந்தது அப்படித்தான். 1999 மார்ச் 27 அன்று சேர்பியாவில், 1960களின் வடிவமைப்பான ஒரு சோவியத் ஏவுகணையால் அதே எஃப்-117 ஒன்று விழுத்தப்பட்டதும் வரலாறுதான். விழுத்திய படைப்பிரிவின் தளபதி சோல்தான் டானி பிற்காலத்தில் பேக்கரி நடத்தினார். விழுந்த விமானி அவரைத் தேடி வந்து சந்தித்து, இருவரும் நண்பர்களானார்கள்.

சரி, பழைய விமானத்தைப் புதுத் தலைமுறையாக்க முடியுமா? பாதி முடியும். நம் மீனவர் ஒருவரின் பழைய ஃபைபர் போட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புது எஞ்சின், ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, தொலைத்தொடர்புக் கருவி எல்லாம் பூட்டலாம். போட் புதிதாகப் பார்க்கும், புதிதாகப் பேசும். ஆனால் அதன் அடிப்பலகையின் உருவத்தை மாற்ற முடியாது. விமானமும் அப்படித்தான். கண்ணையும் மூளையையும் மாற்றலாம். ஸ்டெல்த் என்பது உடம்பின் உருவத்திலேயே இருப்பதால் அதைப் பின்னர் பூட்ட முடியாது. 1974இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 புது ராடாரோடு இன்றும் விற்பனையாகிறது, ஆனால் அது ஒருபோதும் எஃப்-35 ஆகாது.

புது உடம்புக்குப் புது மூளை பூட்டுவதும் இலகுவல்ல. எஃப்-35க்கு டிஆர்-3 என்ற புதுக் கணினித் தொகுதியைப் பூட்டியபோது மென்பொருள் தயாராகவில்லை. 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரை, செய்து முடித்த விமானங்களை அமெரிக்க அரசு பொறுப்பேற்காமல் தொழிற்சாலையிலேயே நிறுத்தி வைத்தது.

இனி நம் வானத்துக்கு வருவோம். மட்டக்களப்பு வானில் யுத்த விமானத்தின் கதை ஜெட்டுக்கு முன்பே தொடங்குகிறது. 1942 ஏப்ரல் 9. பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், ஜப்பானியர் வருகிறார்கள் என்ற எச்சரிக்கையில் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்தது. அதன் விமானங்கள் சீனன்குடாவில் கரையில் நின்றன. விமானமில்லாத விமானந்தாங்கி. ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. உதவிக்கு அழைத்த செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை, வந்த விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகே வந்தன. ஹெர்மிஸில் இறந்தவர்கள் 307 பேர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வெம்பயரும் மூழ்கியது. கல்லடிக்கு நேரே, சுமார் ஐம்பது மீற்றர் ஆழத்தில் ஹெர்மிஸ் இன்றும் கிடக்கிறது. வெளிநாட்டார் சுழியோட வருகிறார்கள், நம்மவர்கள் அதைச் சுற்றி மீன் பிடிக்கிறார்கள். அன்று காலை கடல் பக்கம் இடி இடித்ததாக எங்கள் மூத்தாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மழையில்லாத நாளில் இடியா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்களாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நமது விமானப்படைக்கு 1959இல் ஜெட் ப்ரொவோஸ்ட் வந்தது. அது பயிற்சி விமானம். 1971 ஏப்ரலில் ஜேவிபி கிளர்ச்சி வெடித்தபோது, சீனன்குடாவில் மூடி வைத்திருந்தவற்றையும் வெளியில் எடுத்துப் பறக்க வைத்தார்கள். அதே வருடம் சோவியத் ஒன்றியம் ஐந்து மிக்-17களும் ஒரு மிக்-15 பயிற்சி விமானமும் அனுப்பியது. முதலாம் தலைமுறை! அப்போது உலகில் மூன்றாம் தலைமுறை பறந்து கொண்டிருந்தது. 1991இல் சீனாவிலிருந்து எஃப்-7 வந்தது, அதாவது மிக்-21இன் சீன வடிவம், இரண்டாம் தலைமுறை. அந்த நேரம் அமெரிக்கா எஃப்-117ஐ பக்தாத்துக்கு மேலே பறக்க விட்டுக்கொண்டிருந்தது. 2000இல் உக்ரேனிலிருந்து மிக்-27, மூன்றாம் தலைமுறை. நமக்கு வந்தவை எல்லாம் உலகத்தைவிட ஒன்றிரண்டு தலைமுறை பிந்தியே வந்தன. ஆனால் கீழே நின்றவர்களுக்குத் தலைமுறை எண் எதற்கு?

1996இல் வந்த விமானம்தான் நம் மொழிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கிபிர். அதற்குப் பிறகு வடக்கு கிழக்கில் குண்டு போடுகிற எந்த விமானத்துக்கும் அதுதான் பெயர். மிக் வந்தாலும் "கிபிர் வருது" என்றுதான் ஓடினார்கள். ஹீப்ரு மொழியில் அந்தச் சொல்லுக்கு இளம் சிங்கம் என்று பொருள். நம் ஆட்கள் கிபுரு என்றால் பெருமை, ஆணவம் என்று பழகியவர்கள். சின்ன வயதில் நான் ஆணவம் பிடித்த விமானம் என்றே நினைத்திருந்தேன். ஓதப்பள்ளியில் உஸ்தாதிடம் கேட்டு அடி வாங்காததுதான் குறை.

கிபிரின் பிறப்பே மேம்படுத்தல் என்ற சொல்லுக்கு நல்ல உதாரணம். இஸ்ரேல் பிரான்ஸிடம் 50 மிராஜ் 5 விமானங்களுக்கு ஓடர் கொடுத்திருந்தது. 1967 யுத்தத்தையொட்டி டி கோல் தடை போட்டார். எஞ்சினைச் செய்த சுவிஸ் கம்பனியில் வேலை செய்த அல்ஃபிரட் ஃபிரவென்க்னெக்ட் என்ற பொறியியலாளர் மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை இரகசியமாக இஸ்ரேலுக்குக் கொடுத்துச் சிறைக்குப் போனார். பிறகு அந்த மிராஜ் உடம்புக்குள் அமெரிக்காவின் ஜே79 எஞ்சினைப் பொருத்தி, 1975இல் கிபிர் என்று உலகுக்குக் காட்டினார்கள். உடம்பு 1950களின் பிரெஞ்சு வரைபடம். எஞ்சினும் 1950களின் அமெரிக்கத் தயாரிப்பு. எஞ்சின் அமெரிக்காவுடையது என்பதால் யாருக்கு விற்பதானாலும் வாஷிங்டனின் அனுமதி வேண்டும். கொலம்பியா, ஈக்குவடோர், இலங்கை ஆகிய மூன்று நாடுகள்தான் வாங்கின. யார் செய்த விமானம் என்பதில் நம் ஊர் ஆட்களுக்கு உள்ள சங்கடம் எனக்கும் உண்டு. ஆனால் வரலாற்றைச் சங்கடத்துக்காக விட்டுவிட்டு எழுத முடியாது.

2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கவுக்குள் புலிகளின் 14 பேர் நடந்தே நுழைந்தார்கள். இரண்டு கிபிர்கள் நிலத்திலேயே எரிந்தன. ஒலியை மிஞ்சிய வேகமெல்லாம் தரையில் நிற்கும்போது எதற்கு உதவும்?

2006இலும் 2007இலும் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஆட்டிலறிச் சத்தம், அதற்கிடையில் தொப்பிகலைப் பக்கம் போகிற கிபிரின் சத்தம். சத்தம் வருகிற பக்கம் பார்த்தால் விமானம் அங்கே இருக்காது. அது எப்போதோ தாண்டிப் போயிருக்கும். சத்தத்துக்குப் பின்னால் ஓடுகிற பொருளல்ல அது என்று பௌதிகவியல் சேர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. படுவான்கரை மக்கள் ஆடு மாட்டையும் விட்டுவிட்டு வாவி கடந்து வந்தார்கள், பாடசாலைகள் முகாமாகின. அதற்கு முன் 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் உயர்தர வகுப்பு மாணவிகள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு சொன்னது. முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் என் வயதுக்காரர்கள். இன்று இருந்தால் முப்பதுகளின் நடுவில் இருப்பார்கள், என்னைப் போல ஆசிரியராகக்கூட.

இப்போது கதையின் விசித்திரமான பகுதி. 2007 மார்ச் 26 அதிகாலை, புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. மூன்று வீரர்கள் இறந்தார்கள். அவை செக் நாட்டின் ஸ்லின் 143 என்ற நான்கு இருக்கைப் பயணிகள் விமானங்கள். விசிறி எஞ்சின். அவற்றின் உச்ச வேகமே ஒரு ஜெட் தரையிறங்கும் வேகத்தை விடக் குறைவு. தலைமுறைக் கணக்கில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் இரவில், தாழப் பறந்து வந்து, திரும்பியும் போய்விட்டன. அடுத்த மாதம் உலகக் கிண்ண இறுதிப் போட்டி இரவு ஞாபகமிருக்கிறதா? நாமெல்லோரும் அவுஸ்திரேலியாவோடு நம்மட ஆட்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க, கொழும்பில் மின்சாரம் அணைக்கப்பட்டது. ஸ்லின் வந்து எரிபொருள் களஞ்சியங்களில் குண்டு போட்டது.

ஏன் ஜெட் அதைப் பிடிக்கவில்லை? வெப்பம் தேடும் ஏவுகணைக்கு ஜெட் எஞ்சினின் கொதிக்கும் வால் வேண்டும். சின்ன விசிறி எஞ்சினில் அந்த அளவு வெப்பம் இல்லை. ராடாருக்கோ அது தாழ்வாக, மெதுவாக, மரங்களோடு கலந்து போகிற ஒரு புள்ளி. இந்தியா தந்திருந்த இந்திரா ராடார் இரு பரிமாணம். தூரமும் திசையும் காட்டும், உயரம் காட்டாது. கோடிக்கணக்கான டொலர் செலவில் அமெரிக்கா தேடியதில் ஒரு சின்னப் பகுதியை, மலிவான ஒரு விமானம் இரவையும் தாழ்வையும் வைத்துச் செய்துவிட்டது. இதை நான் மெச்சிச் சொல்லவில்லை. அந்தக் குண்டிலும் ஆட்கள் செத்தார்கள். ஆனால் யார் யாரை முதலில் காண்கிறார் என்ற கேள்விக்குத் தலைமுறை எண் மட்டும் விடை சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உலகில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அரசு பதில் தேடியது. முப்பரிமாண ராடார் வந்தது. 2008இல் வானில் வைத்தே தாக்கக்கூடிய ஏவுகணையோடு எஃப்-7ஜிஎஸ் வந்தது. மிக்-29 வாங்கும் பேச்சும் எழுந்தது, வாங்கவில்லை. 2008 செப்டெம்பர் 9 அன்று ஒரு ஸ்லினை எஃப்-7 விழுத்தியதாக விமானப்படை அறிவித்தது. 2009 பெப்ரவரி 20 இரவு கடைசி இரண்டும் வந்தன. ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்கப் பக்கம் சுட்டு விழுத்தப்பட்டது. அவை தப்பிக்கப் பழகியது வெப்பத்தையும் ராடாரையும். கொழும்பு முழுக்க வானத்தை நோக்கிச் சுட்ட துப்பாக்கிகளுக்கு அது இரண்டுமே தேவைப்படவில்லை.

யுத்தம் முடிந்தது. கிபிர்கள் பழசாகின. 2011 மார்ச் 1 அன்று விமானப்படையின் அறுபதாம் ஆண்டுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர்கள் வானில் மோதி ஒரு விமானி இறந்தார். பிறகு 2021 ஜூனில் ஒரு செய்தி: எஞ்சியவற்றில் ஐந்து கிபிர்களை மேம்படுத்த இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் கம்பனியோடு 5 கோடி அமெரிக்க டொலர் ஒப்பந்தம். புது ராடார், புது உணர்கருவிகள், புதுத் தொடர்பாடல், புதுத் தலைக்கவசம். "4+ தலைமுறை" மின்னணுத் தொகுதி என்று அந்தக் கம்பனியே அறிவித்தது. பார்த்தீர்களா, அதே எண்.

ஒரு எஃப்-35இன் விலையே இதைவிட அதிகம், எட்டுக் கோடி டொலருக்கு மேல். அந்த வகையில் பார்த்தால் ஐந்து பழைய விமானத்துக்கு இது மலிவு என்று வாதாடலாம். அப்படி வாதாடுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஒரு நாட்டுக்கு வானத்தைப் பார்க்க ஒரு கண் வேண்டும். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்து மாதத்தில், 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்கு முதல் மாதம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். ஜூனில் பெற்றோல் இல்லாமல் பாடசாலை மூடினோம். அந்தத் தவணை நான் வினாத்தாளைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் விடை எழுதினார்கள். அந்த 5 கோடி டொலர் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அதனால்தான்.

ஆக, தம்பிக்கு நான் வகுப்பில் சொன்ன பதில் இது. கிபிரின் உடம்பு இரண்டாம் தலைமுறை மிராஜ். குண்டு சுமக்கும் வேலையைப் பார்த்தால் மூன்றாம் தலைமுறை. ஒப்பந்தத்தின்படி புதுக் கண்ணும் மூளையும் பூட்டினால் உள்ளே 4+. தோல் மட்டும் எந்தக் காலத்திலும் ஐந்தாம் தலைமுறை ஆகாது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்ப சேர், பரீட்சைக்கு வந்தா எந்த நம்பரை எழுதுற?"

பரீட்சைக்கு வராது என்றேன். வகுப்பு சிரித்தது. கல்லடியில் மீன் பிடிக்கிற அவனது வாப்பா ஹெர்மிஸ் கிடக்கிற இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறாராம், ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கடல் அமரட்டும் என்று காத்திருக்கிறோம்.